மெக்கானிக்கல் பிராட்ஹெட் வாங்கும் முன்: பெரிய விலங்கு வில்வேட்டையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துப்பாக்கிக் குண்டு மோதும் அதிர்ச்சியிலேயே பாதி வேலையை முடித்துவிடும். அம்புக்கு அந்த வசதி கிடையாது. அது அறுக்க வேண்டும். நுரையீரலையோ இதயத்தையோ அறுத்து, விலங்கு சில நொடிகளில் ரத்தம் இழந்து விழ வேண்டும். அந்த அறுக்கும் வேலையைச் செய்வது அம்பின் தலையில் இருக்கும் பிராட்ஹெட். அதனால்தான் இந்த ஒரு பொருளைப் பற்றி வில்வேட்டைக்காரர்கள் இவ்வளவு விவாதிக்கிறார்கள்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும் வெட்டு அகலத்தைப் பார்த்து பிராட்ஹெட் வாங்கக் கூடாது. உங்கள் வில் அம்புக்குக் கொடுக்கும் ஆற்றல் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, அது தாங்கும் அளவுக்கு மட்டும் அகலத்தை எடுக்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான் வரும்.

மெக்கானிக்கல் பிராட்ஹெட் என்றால் என்ன? எப்படித் திறக்கிறது?

ஃபிக்ஸட் பிராட்ஹெட்டில் பிளேடுகள் நிரந்தரமாக விரிந்தே நிற்கும். மெக்கானிக்கலில் பிளேடுகள் பறக்கும்போது தலையின் உடலோடு ஒட்டி மடங்கியிருக்கும். தோலில் பட்டதும் விரியும். மடங்கிய நிலையில் பிடித்து வைக்க ரப்பர் வளையமோ, பிளாஸ்டிக் காலரோ, உள்ளே ஒரு சிறு ஸ்பிரிங்கோ இருக்கும். ஃபிக்ஸட் தலைகள் பெரும்பாலும் 1 முதல் 1¼ அங்குலம் வரை வெட்டும். மெக்கானிக்கல் 1½ அங்குலத்தில் தொடங்கி 2 அங்குலத்தையும் தாண்டிப் போகும்.

இரண்டும் சேர்ந்த ஹைப்ரிட் வகையும் உண்டு: முன்னால் சிறிய நிலையான பிளேடு ஒரு ஜோடி, அதற்குக் குறுக்காக விரியும் பிளேடு ஒரு ஜோடி. விரியும் பிளேடு ஏதோ காரணத்தால் சரியாகத் திறக்காமல் போனாலும் நிலையான பிளேடு அறுத்துக்கொண்டு போகும் என்பது அதன் ஆறுதல்.

நல்ல ஃபிக்ஸட் தலைகள் இருக்கும்போது மெக்கானிக்கல் எதற்கு?

இரண்டு காரணங்கள். ஒன்று, பறக்கும் விதம். ஃபிக்ஸட் தலையின் பிளேடுகள் அம்பின் முன்பக்கத்தில் இறக்கை மாதிரி காற்றைப் பிடிக்கும். வில்லில் சின்னக் கோளாறு இருந்தாலும், பக்கவாட்டுக் காற்று அடித்தாலும் அம்பைத் தன் போக்கில் இழுக்கும். மடங்கிய மெக்கானிக்கல் தலைக்கு அந்தப் பரப்பு குறைவு. பயிற்சி முனை (பழகுவதற்கான, பிளேடில்லாத முனை) போய்ச் சேரும் இடத்துக்குப் பக்கத்திலேயே இதுவும் போய்ச் சேரும். இன்றைய வேகமான காம்பவுண்டு (கப்பி வைத்த) வில்களில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இரண்டாவது, காயத்தின் அகலம். அம்பு ஒரு விரல் தள்ளிப் பட்டாலும் அகலமான வெட்டு ஒரு பெரிய ரத்தக் குழாயைத் தொட்டுவிட வாய்ப்பு அதிகம். ரத்தத் தடமும் தெளிவாக விழும்.

இவ்வளவும் உண்மை. ஆனால் இந்த இரண்டு நன்மைக்கும் விலை கொடுப்பது அம்பின் ஆற்றல்.

என் வில்லுக்கு மெக்கானிக்கல் பொருந்துமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கணக்குப் போட்டுத்தான். இயக்க ஆற்றலுக்குச் சூத்திரம் எளிது: அம்பின் மொத்த எடையை கிரெய்னில் (அம்புக்குப் பயன்படுத்தும் சிறிய எடை அளவு) எடுத்து, வேகத்தால் இருமுறை பெருக்கி, 450240 ஆல் வகுக்க வேண்டும். வேகம் வினாடிக்கு எத்தனை அடி என்ற அளவில் இருக்க வேண்டும். விடை அடி-பவுண்டில் வரும். அம்பின் எடை என்றால் தண்டு மட்டும் இல்லை. தலை, உள்செருகி, இறகு, நாணில் மாட்டும் பின்முனையான நாக் எல்லாம் சேர்த்து எடை போட்ட அம்பு.

உதாரணம்: 450 கிரெய்ன் அம்பு வினாடிக்கு 270 அடி வேகத்தில் போனால் ஏறத்தாழ 73 அடி-பவுண்டு. 350 கிரெய்ன் அம்பு 230 அடி வேகத்தில் போனால் 41 அடி-பவுண்டு. முதல் அம்பு வெள்ளைவால் மானுக்கு எந்த மெக்கானிக்கல் தலையையும் சுமக்கும். இரண்டாவது அம்பில் 2 அங்குல மெக்கானிக்கலைப் போடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அம்பு தயாரிக்கும் ஈஸ்டன் நிறுவனத்தின் பட்டியலை வில்வேட்டையில் பலரும் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். மான், பிராங்ஹார்ன் (மான் போன்ற ஒரு வட அமெரிக்க விலங்கு) போன்றவற்றுக்கு 25 முதல் 41 அடி-பவுண்டு. எல்க் (பெரிய வகை மான்), கருங்கரடி, காட்டுப்பன்றிக்கு 42 முதல் 65. கேப் எருமை, கிரிஸ்லி கரடி போன்ற முரட்டு விலங்குகளுக்கு 65-க்கு மேல். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தப் பட்டியல் விலங்கைப் பார்த்துப் போட்டது, தலையைப் பார்த்துப் போட்டதில்லை. மெக்கானிக்கல் தலை விரியும்போதே ஆற்றலைச் செலவழிக்கிறது. விரிந்த பிறகு அகலமான பிளேடு ஒவ்வொரு அங்குலத்துக்கும் அதிக எதிர்ப்பைச் சந்திக்கிறது. ஆகவே என் கணக்கில், 1½ அங்குல மெக்கானிக்கலோடு மான் வேட்டைக்குப் போக 50 அடி-பவுண்டாவது கையில் இருக்க வேண்டும். 2 அங்குலம் என்றால் 60-க்கு மேல்.

வேகத்தை வில்லின் விளம்பரத்திலிருந்து எடுக்காதீர்கள். அந்த எண் பொதுவாக 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல இழுநீளம், 350 கிரெய்ன் அம்பு வைத்து அளந்தது. உங்கள் இழுநீளம் 28 அங்குலம் என்றால், ஒவ்வொரு அங்குலக் குறைவுக்கும் சுமார் 10 அடி வேகம் கழியும். அம்பும் கனமானது என்றால் இன்னும் கழியும். வேகமானி இருக்கும் ஏதாவது ஒரு பயிற்சிக் கூடத்தில் நீங்கள் வேட்டைக்கு எடுத்துப்போகும் அதே அம்பை எய்து அளப்பதுதான் சரி.

ஆற்றல் ஒன்றே போதுமா? உந்தம் என்று சிலர் சொல்கிறார்களே?

அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 380 கிரெய்ன் அம்பு 285 அடி வேகத்தில் போவதும், 500 கிரெய்ன் அம்பு 248 அடி வேகத்தில் போவதும் ஏறக்குறைய ஒரே ஆற்றல்தான், சுமார் 68 அடி-பவுண்டு. ஆனால் உந்தம் (எடையை வேகத்தால் ஒருமுறை மட்டும் பெருக்குவது) என்று பார்த்தால் கனமான அம்புக்குச் சுமார் 14 சதவீதம் அதிகம். எலும்பிலும் தசையிலும் நுழைந்த பிறகு நின்றுவிடாமல் தள்ளிக்கொண்டு போவதற்கு அந்த உந்தம் உதவுகிறது.

அம்பின் ஊடுருவலைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆப்பிரிக்க விலங்குகளில் சோதித்து எழுதிய எட் ஆஷ்பி, கனமான எலும்பை உடைக்க அம்பு 650 கிரெய்ன் அளவில் இருக்க வேண்டும் என்று சொன்னார். அவர் மெக்கானிக்கல் தலைகளுக்கு ஆதரவாளர் இல்லை. மானுக்கு அவ்வளவு எடை தேவையில்லை என்பது என் எண்ணம். ஆனால் மெக்கானிக்கல் போடுவதாக முடிவு செய்தால் அம்பை 425 கிரெய்னுக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள்.

2 அங்குலமா, 1½ அங்குலமா?

இந்தக் கேள்வியில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். "ஓட்டை பெரிதாக இருந்தால் ரத்தம் அதிகம் வரும்" என்பது பாதி உண்மை. எந்த இடத்தில் ஓட்டை, எத்தனை ஓட்டை என்பது மீதி.

மரத்தில் கட்டிய மேடையிலிருந்து, 20 அடி உயரத்தில் உட்கார்ந்து எய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அம்பு மேலிருந்து கீழே சரிந்து வருகிறது. நுழைவாய் மானின் விலாவில் உயரமாக இருக்கும். அம்பு மறுபக்கம் வெளியேறினால் வெளிவாய் தாழ்வாக, நெஞ்சுக்கூட்டின் அடியை ஒட்டி இருக்கும். ரத்தம் அதன் வழியாகக் கொட்டும். குருடனும் பின்தொடரலாம் என்று சொல்லுமளவுக்குத் தடம் விழும். அம்பு உள்ளேயே நின்றுவிட்டால்? மேலே இருக்கும் ஒற்றை ஓட்டை 2 அங்குலமே ஆனாலும், நெஞ்சுக்கூடு நிறையும் வரை ரத்தம் உள்ளேயே தேங்கும். மான் செத்துப்போயிருக்கும், ஆனால் முதல் 60 கஜத்தில் தரையில் ஒரு சொட்டு இருக்காது. அடர்ந்த புதரில் அந்த மானைத் தேடிப் பிடிப்பது பெரும் பாடு. கிடைக்காமல் போனால் ஒரு உயிர் வீணாகிறது. இதைவிட வேட்டைக்காரனுக்கு வருத்தமான விஷயம் எதுவும் இல்லை.

அதனால் எனக்கு அளவுகோல் ஒன்றுதான்: எந்த அகலத்தில் என் அம்பு விலா எலும்பைத் தாண்டி மறுபக்கம் முழுதாக வெளியேறும் என்று நம்ப முடிகிறதோ, அதுதான் என் அகலம். 70 பவுண்டு வில், கனமான அம்பு, நீண்ட இழுநீளம் உள்ளவருக்கு அது 2 அங்குலமாக இருக்கலாம். 55 அல்லது 60 பவுண்டு இழுப்பவருக்கு 1½ அங்குலம் போதும், தாராளமாகப் போதும்.

முன்பக்கமாகத் திறப்பது, பின்பக்கமாகத் திறப்பது: எது நல்லது?

முன்பக்க வகையில் பிளேடின் நுனி முன்னோக்கி மடங்கியிருக்கும். தோலில் அந்த நுனி மாட்டி, காற்றில் குடை மடங்குவதுபோல பின்னால் புரண்டு விரியும். என்ஏபி ஸ்பிட்ஃபயர், கிரிம் ரீப்பர் என்ற தலைகள் இந்த வகை. அமைப்பு எளிது, பிளேடைப் பிடித்து வைப்பதும் உறுதி. ஆனால் புரளும்போது ஆற்றல் போகும். நுழைவாய் சில சமயம் சிறியதாக இருக்கும். சரிவான கோணத்தில் பட்டால் ஒரு பக்கத்துப் பிளேடு முதலில் மாட்டி அம்பைத் திருப்பப் பார்க்கும்.

பின்பக்க வகையில் பிளேடுகள் பின்னால் நழுவிக்கொண்டே வெளியே விரியும். ரேஜ் தலைகள் இந்த முறையைப் பரவலாக்கின. தோலைத் தொடும்போதே முழு அகலமும் கிடைப்பதால் நுழைவாய் பெரிதாக இருக்கும். புரளும் இழப்பும் குறைவு. பிளேடைப் பிடித்திருக்கும் காலரை நீங்கள் ஒழுங்காகக் கவனிக்க வேண்டும் என்பதுதான் இதிலுள்ள வேலை.

ஸ்வாக்கர் என்ற தலை வேறு வழியில் போகிறது. முன்னால் சிறிய இறக்கைகள் தோலையும் விலாவையும் தாண்டிய பிறகுதான் முதன்மைப் பிளேடுகள் விரிகின்றன. மயிரிலும் தோலிலும் உரசி மழுங்காத கூர்மை உள்ளுறுப்புக்குக் கிடைக்கும்; ஆனால் நுழைவாய் சிறியதாகவே இருக்கும். செவர் தலைகளில் விரிந்த பிளேடுகள் அச்சில் இருபுறமும் அசையும். ஒரு பக்கம் எலும்பு தடுத்தால் பிளேடு ஒதுங்கி, அம்பு நேர்க்கோட்டிலேயே போகும்.

பொதுவாக மான் வேட்டைக்கு நான் பின்பக்க வகையைத்தான் சொல்வேன். கோணம் சற்றுச் சரிந்தாலும் அது மன்னிக்கும்.

இரண்டு பிளேடா, மூன்று பிளேடா?

இதிலும் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 2 அங்குல அகலம் உள்ள இரட்டைப் பிளேடு மொத்தம் 2 அங்குல நீளத்துக்கு அறுக்கிறது. 1½ அங்குல அகலம் உள்ள மூன்று பிளேடு, ஒவ்வொன்றும் மையத்திலிருந்து முக்கால் அங்குலம், மொத்தம் 2¼ அங்குலம் அறுக்கிறது. அகலம் குறைவு என்று நினைத்த தலை உண்மையில் அதிகம் அறுக்கிறது. அதுவும் மூன்று பக்கமும் கிழிந்த ஓட்டை, ஒற்றைக் கீறல் மாதிரி தோல் சேர்ந்து மூடிக்கொள்ளாது.

இரட்டைப் பிளேடின் பலம் ஊடுருவல். இரண்டு விலா எலும்புக்கு நடுவில் நழுவிப் போக அதற்கு வாய்ப்பு அதிகம், உரசலும் குறைவு. ஆற்றல் குறைந்த வில்லென்றால் இரட்டைப் பிளேடு, மிச்சம் இருந்தால் மூன்று.

100 கிரெய்னா, 125 கிரெய்னா?

கடைகளில் அதிகம் கிடைப்பது 100 கிரெய்ன். எதைப் போட்டாலும் பயிற்சி முனையின் எடையும் அதுவாகவே இருக்க வேண்டும். 125-க்கு மாறினால் அம்பின் முன்பாரம் கூடும், ஊடுருவலுக்கு நல்லது. ஆனால் தண்டு கொஞ்சம் அதிகம் வளையத் தொடங்கும். தண்டின் விறைப்பு அதற்குத் தோதாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாறுங்கள்.

முனையிலும் பிளேடிலும் எதைக் கவனிக்க வேண்டும்?

முனை இரண்டு விதம். தொட்டவுடனே வெட்டும் தட்டையான கத்தி முனை தோலையும் தசையையும் சுலபமாகத் திறக்கும், ஆற்றல் மிச்சமாகும். பட்டை தீட்டிய உளி முனை எலும்பில் மோதினால் மடங்காமல் தாங்கும். நடுத்தர வில்லுக்கு நான் கத்தி முனையைத் தேர்ந்தெடுப்பேன்.

பிளேடின் தடிமனைப் பெட்டியின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். 0.035 அங்குலம் நல்ல அளவு. 2 அங்குலத்துக்கு மேல் நீளும் பிளேடு 0.030-க்கும் மெல்லியதாக இருந்தால் விலாவில் பட்டதும் வளையவோ ஒடியவோ வாய்ப்புண்டு. உடல் பகுதி எஃகு அல்லது டைட்டானியம் என்றால் நிம்மதி. அலுமினியம் மானுக்குப் போதும், எலும்பில் பட்டால் வளைந்திருக்கும். மூன்று தலைகள் கொண்ட ஒரு பெட்டி அமெரிக்காவில் பெரும்பாலும் 40 முதல் 60 டாலர்.

எல்க், மூஸ், கரடிக்கு மெக்கானிக்கல் போடலாமா?

போடலாம், நிறையப் பேர் போடவும் செய்கிறார்கள். ஆனால் வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். விலா எலும்பு மானுடையதைவிட அகலம், தோல் தடிமன், தோள்பட்டை எலும்பு வேறு கதை. 70 அடி-பவுண்டுக்கு மேல் இருந்து, அம்பு 450 கிரெய்னைத் தாண்டி, தலை 1½ அங்குல அளவில் உறுதியான உடலோடு இருந்தால் சரி. அதில் ஒன்று குறைந்தாலும் ஃபிக்ஸட் தலைக்குப் போய்விடுங்கள். எல்க்கைவிடப் பெரிய மானான மூஸுக்கும் இதுவேதான்.

கருங்கரடி விஷயம் கொஞ்சம் வேறு. அதன் கொழுப்பும் அடர்ந்த மயிரும் ரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும், தடம் லேசில் விழாது. அங்கே தாழ்வான பெரிய வெளிவாய் உண்மையிலேயே உதவும். போதுமான ஆற்றல் இருந்தால் மெக்கானிக்கலுக்கு நல்ல வேலை. காட்டுப்பன்றியின் தோளில் கெட்டியான கேடயம் போன்ற தோல் உண்டு. வயதான ஆண் பன்றிக்கு நான் ஃபிக்ஸட்தான் போடச் சொல்வேன்.

ரிகர்வ், லாங்போ போன்ற மரபு வில்களில் இந்தத் தலைகளே வேண்டாம். 40 பவுண்டு இழுக்கும் இளையவருக்கும் அப்படியே: கூரான, குறுகிய, இரட்டைப் பிளேடு ஃபிக்ஸட் தலை அவரது அம்பை மறுபக்கம் கொண்டுபோகும்.

எந்தக் கோணத்தில் எய்யலாம்?

விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போதும், உங்களிடமிருந்து கொஞ்சம் விலகித் திரும்பி நிற்கும்போதும். அவ்வளவுதான். திரும்பிய கோணம் 45 டிகிரியைத் தாண்டினால் மெக்கானிக்கல் தலையோடு எய்ய வேண்டாம். வளைந்த விலாவில் பிளேடு வழுக்கி, அம்பு தோலுக்கடியிலேயே ஓடிவிடலாம். உங்களை நோக்கித் திரும்பி நிற்கும் விலங்கை விட்டுவிடுங்கள், முன்னால் தோள் எலும்பு நிற்கிறது.

தூரத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,125 அடி போகும். 40 கஜத்தில், அதாவது 120 அடியில் நிற்கும் மானுக்கு நாண் சத்தம் பத்தில் ஒரு வினாடியில் கேட்டுவிடும். 275 அடி வேக அம்பு போய்ச்சேர 0.44 வினாடி ஆகும். இடையில் மூன்றில் ஒரு வினாடி. மிரண்ட வெள்ளைவால் மான் பாய்வதற்காக முதலில் உடலைத் தாழ்த்தும். நுரையீரலைக் குறிவைத்த அம்பு முதுகெலும்பிலோ தோள்பட்டை மேலோ போய் விழும். அகலமான மெக்கானிக்கல் தலை மிகவும் திணறும் இடமே அதுதான். இந்தத் தலை நேராகப் பறக்கிறது என்ற தைரியத்தில் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போவது இதனால்தான் ஆபத்து. மான் தலையைத் தூக்கி உங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் 25 கஜமே தூரம்.

மெக்கானிக்கல் போட்டால் வில்லை டியூன் செய்ய வேண்டாமாமே?

இதை நம்பாதீர்கள். டியூன், அதாவது அம்பு நேராகப் பறக்கும்படியான சரிசெய்தல், கெட்ட வில்லில் அம்பு வாலை ஆட்டிக்கொண்டு போகும். மெக்கானிக்கல் தலை அந்தக் குறையை இலக்கில் காட்டாமல் மறைக்கும், அவ்வளவுதான். விலங்கில் படும்போது அம்பு சாய்வாகவே பட்டு, முன்னேறும் ஆற்றலில் ஒரு பங்கு பக்கவாட்டில் வீணாகும். எந்தத் தலைக்கு ஆற்றல் மிக மிகத் தேவையோ அதற்கே இந்த இழப்பு.

ஒரு காகிதத்தைச் சட்டத்தில் இறுக்கி, ஆறேழு அடி தள்ளி நின்று எய்து பாருங்கள். நடுவில் தண்டின் ஓட்டை, சுற்றி இறகுகளின் கீறல் ஒழுங்காக இருந்தால் வில் சரி. ஒரு பக்கமாகக் கிழிந்திருந்தால் அம்பைத் தாங்கும் ரெஸ்டையோ நாண் மேல் நாக் புள்ளியையோ நகர்த்த வேண்டும். அப்புறம் ஒரு ஃபிக்ஸட் தலையைப் போட்டு எய்யுங்கள். அது பயிற்சி முனையோடு ஒரே இடத்தில் விழுகிற வில்லில் எந்த மெக்கானிக்கலும் விழும்.

பறக்கும்போதே பிளேடு திறந்துவிடுமா?

திறக்கலாம். பெரும்பாலும் காரணம் தலை இல்லை, பராமரிப்பு. பிளாஸ்டிக் காலர் ஒருமுறை விரிந்தால் அதன் பிடி போய்விடும். ரப்பர் வளையம் வெயிலிலும் குளிரிலும் வறண்டு வெடிக்கும். ஒவ்வொரு வேட்டைக்கும் புதிது போடுங்கள். தலையைக் கவனமாகப் பிடித்து, பிளேடின் மழுங்கிய பின்புறத்தைக் கட்டைவிரல் நகத்தால் லேசாக நெருடிப் பாருங்கள்: ஒரு சின்ன எதிர்ப்பு தெரிய வேண்டும், விட்டதும் பழைய இடத்திலேயே நிற்க வேண்டும். நகம் பட்டதும் கலகலவென்று ஆடினால் அந்தக் காலரைத் தூக்கி எறியுங்கள்.

அம்புக்கூட்டின் மூடியில் இருக்கும் நுரை, அம்பை உருவும்போது பிளேடை இழுத்துத் திறக்கும். உருவியதும் ஒருமுறை பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். இலக்குக்கு முன்னால் இருக்கும் சுள்ளியும் பிளேடைத் திறக்கும். அந்த இடைவெளி சுத்தமாக இல்லையென்றால் எய்யாதீர்கள்.

கிராஸ்போவுக்கும் இதே தலை போதுமா?

வேண்டாம். 400 அடி வேகத்தில் தள்ளும் கிராஸ்போவில் (துப்பாக்கி போல விசையை இழுத்து எய்யும் வில்), புறப்படும் வேகத்திலேயே சாதாரணக் காலர் விட்டுவிடும். அதற்கென்றே கெட்டியான காலரோடு விற்கும் தலைகளை வாங்குங்கள்.

பயிற்சி முனையில் மட்டும் பழகினால் போதுமா?

போதாது. பெட்டியில் கூடவே பிளேடில்லாத பயிற்சித் தலை வரலாம். செவர் போன்றவற்றில் பிளேடைப் பூட்டி வைக்கும் சின்னத் திருகு உண்டு. அவை நல்லவைதான். இருந்தும் வேட்டைக்குப் போகும் தலைகளில் ஒன்றை எடுத்து, நீங்கள் எய்ய நினைக்கும் அதிகபட்ச தூரத்தில் எய்தே பார்க்க வேண்டும்.

திறப்பதைச் சோதிக்க எளிய வழி: நுரை இலக்குக்கு முன்னால் தடித்த அட்டையைக் கட்டி எய்யுங்கள். பின்பக்க வகை என்றால் அட்டையிலேயே முழு அகலக் கீறல் விழ வேண்டும். ஒரு பக்கக் கீறல் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருந்தால் பிளேடுகள் சேர்ந்து திறக்கவில்லை என்று அர்த்தம். அந்தத் தலையைப் பயிற்சிக்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இடத்துக்கு இடம் மாறும். கொலராடோவில் வில்லுக்குக் குறைந்தது 35 பவுண்டு இழுவிசை, தலைக்குக் குறைந்தது 7/8 அங்குல அகலம். அலாஸ்காவில் மூஸ், எல்க், பழுப்புக் கரடி போன்றவற்றுக்கு வில் 50 பவுண்டு இருக்க வேண்டும். ஐடஹோவும் ஓரிகனும் பெரிய விலங்கு வேட்டையில் மெக்கானிக்கல் தலையை நெடுங்காலம் அனுமதிக்காமல் வைத்திருந்த மாநிலங்கள். கொக்கி போலப் பின்னோக்கி நின்று, இழுத்தால் வெளியே வராத தலைக்குப் பல இடங்களில் தடை உண்டு. போகும் மாநிலத்தின் அந்த ஆண்டு விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள், சென்ற ஆண்டுப் புத்தகத்தை நம்ப வேண்டாம். பிரிட்டனில் வில்வேட்டையே சட்டவிரோதம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது.

எய்தபின் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? ரத்தம் நிறைய இருந்தால் உடனே போகலாமா?

மெக்கானிக்கல் தலையில் குடலில் பட்டாலும் முதலில் நல்ல ரத்தம் விழும். அதைப் பார்த்து ஏமாந்து உடனே கிளம்புகிறவர்கள் உண்டு. அளவைப் பார்க்காதீர்கள், நிறத்தைப் பாருங்கள்.

அம்பைத் தேடி எடுங்கள். வெளிச்சத்தில் பிடித்து, இறகுகளை விரலால் வருடிப் பாருங்கள். இளஞ்சிவப்பு நிறமும் சின்னச் சின்ன நுரையும் இருந்தால் நுரையீரல். மான் பெரும்பாலும் 100 கஜத்துக்குள் விழுந்திருக்கும், ஆனாலும் அரை மணி நேரம் பொறுங்கள். அடர்ந்த கருஞ்சிவப்பு என்றால் ஈரல். 4 முதல் 6 மணி நேரம். பச்சையோ பழுப்போ கலந்து, மூக்கருகே கொண்டுபோனதும் நாற்றம் அடித்தால் குடல் அல்லது இரைப்பை. 8 முதல் 12 மணி நேரம் அந்தப் பக்கமே போகக் கூடாது. அம்பில் கெட்டிக் கொழுப்பும் வெள்ளை மயிரும் மட்டும் இருந்தால் அடிவயிற்றை உரசியிருக்கலாம்.

படுத்த மானைச் சீக்கிரம் போய்க் கிளப்பிவிட்டால் அது அரை மைல் ஓடும், ரத்தம் நின்றுவிடும். மழை வரப்போகிறதே என்ற பதற்றம் வரும். இருந்தாலும் குடலில் பட்டது உறுதியென்றால் பொறுப்பதுதான் நல்லது. இருக்கும் இடத்தில் சட்டம் அனுமதித்தால், கயிற்றில் கட்டிய மோப்ப நாயோடு தேடுபவரைக் கூப்பிடுங்கள். காலால் தடத்தை மிதித்துக் கலைப்பதற்கு முன்பே கூப்பிட்டால் நாய்க்கு வேலை சுலபம்.

எய்த தலையை மறுபடி பயன்படுத்தலாமா?

தலையின் உடல் பகுதியைப் பொறுத்தது. தலையைத் தண்டில் மாட்டி, தண்டை உள்ளங்கையில் நிறுத்திச் சுழற்றிப் பாருங்கள். நுனி துளி ஆடினாலும் அதற்கு ஓய்வு கொடுங்கள். நேராகச் சுழன்றால் பிளேடையும் காலரையும் மட்டும் மாற்றினால் போதும். பழைய பிளேடைத் தீட்டிப் போடுவதை நான் விரும்புவதில்லை. மெல்லிய பிளேடில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம்.

இன்னொன்று: விலங்கைக் கிழித்துச் சுத்தம் செய்ய நெஞ்சுக்கூட்டுக்குள் கையை விடும் முன், தலையில் பிளேடுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அது உள்ளே எங்கோ கிடக்கிறது, அதுவும் சவரக் கத்திக் கூர்மையோடு. தடித்த கையுறை போட்டுக்கொண்டு, பார்த்துப் பார்த்து வேலை செய்யுங்கள்; காயத்தைச் சுற்றியுள்ள இறைச்சியைத் தனியாக வெட்டி எடுத்து, துண்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்த பிறகே வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.